தரகர்க்கு யோக்கியதை யாது?

சென்ற தீபாவளிக்குச் சில தினங்கள் முன்பு, தேக்கா அங்காடியையொட்டிய பஃபலோ சாலையிலே காய்கறி வாங்கிக்கொண்டிருந்த எம்மை, நெடுநாட் பழகிய அன்பரொருவர் கண்டு நிறுத்தினார். கப்பற் சரக்குக் கம்பெனியொன்றிலே இருபது வருடங்களுக்கு மேல் கணக்கெழுதியவர் அவர்; அவ்வேலை போய் ஆறு மாதமாகிறது. பிறப்பால் ஜொகூர்த் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், லயத்திலே வளர்ந்தவர், இப்பொழுது சிங்கப்பூர்ப் பிரஜை. "ஐயா, வீட்டுத் தரகில் இறங்கலாமென்று யோசிக்கிறேன். அதற்கு என்ன யோக்கியதை வேண்டும்?" என்று அவர் வினவினார். யாம் அறிந்ததை அறிந்தவாறு கூறினோம். முழுவதும் கேட்டுவிட்டு, கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை ஒரு தோளினின்று மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

அச்சொல்லிலே ஆறுதல் இருந்ததோ, ஏமாற்றம் இருந்ததோ, அன்று எமக்கு விளங்கவில்லை. வீடு திரும்பிய பின்னும் அது எம்மை விடவில்லை. ஆதலின் அவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

முதலிற் சட்டம் கேட்பது யாதெனக் கூறிவிடுவோம். 2010ஆம் வருடத்துச் சொத்து முகவர் சட்டத்தின் வழியே, அவ்வருடம் அக்டோபர் மாதம் 22ந் தேதி சிங்கப்பூரிலே சொத்து முகவர் மன்றம் நிறுவப்பெற்றது. அதற்கு முன் தரகு நிறுவனங்கள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தாரிடம் உரிமம் பெறுவதுண்டு, ஆனால் வீடு வீடாய் ஏறி இறங்கும் தனித் தரகரை, "நீர் யார்? எங்கே பயின்றீர்?" என்று சட்டம் கேட்டதில்லை. இப்பொழுதோ, ஆணாயினும் பெண்ணாயினும், இத்தொழிலிற் புகுவோர் 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். சாதாரண நிலைத் தேர்விலே நான்கு பாடங்களிலேனும் தேறியிருத்தல், அல்லது அதற்கு ஈடான கல்வி பெற்றிருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற வகுப்பிலே பயின்று, இரண்டு தாள்கள் கொண்ட விற்பனையாளர் தேர்விலே வெற்றி பெறுதல் வேண்டும். உரிமம் பெற்ற ஒரே ஒரு நிறுவனத்தின் வாயிலாகப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். தொழிலில் நேரும் பிழைகளுக்கு ஈடு செய்யும் காப்புறுதி இருத்தல் வேண்டும். வட்டிக்கடை உரிமம் வைத்திருத்தல் கூடாது. இவற்றோடு, 'தக்கவராயும் ஒழுக்கமுடையவராயும்' இருத்தல் வேண்டுமென்றொரு விதியும் உண்டு. மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், கடன் தீர்க்க வகையின்றி நொடித்தவர் முதலியோரை அது தடுத்து நிறுத்தும். நிறுவனத்துக்குத் தலைமை தாங்க விரும்புவோர் மேலுமொரு தேர்வும், மூன்று வருட அனுபவமும், அம்மூன்று வருடத்தில் முடித்த 30 பேரங்களும் காட்டல் வேண்டும். பதிவின்றித் தரகு பேசுவோர் 25,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ அடைவர்.

இவ்வளவே எமது விடை. அன்பர் கேட்டதோ வேறு.

யோக்கியதை என்பது வடமொழியினின்று வந்து நம் வீட்டுத் திண்ணையிலே நிலைத்துவிட்ட சொல். தேர்விலே தேறினவனுக்கு யோக்கியதாபத்திரம் அளிக்கிறோம். பிறர் பொருளைத் தொடாதவனை யோக்கியன் என்கிறோம். ஆங்கிலேயர் இவ்விரண்டிற்கும் இருவேறு சொற்களை வைத்து, ஒன்றற்கொன்று உறவில்லாதன போல வழங்குவர். நம் மக்களோ இரண்டையும் ஒரே வேரினின்று பறித்தெடுத்தனர். அயோக்கியன் என்று ஒருவனை வைதால், அவன் பரீட்சையிலே தோற்றவனென்று தெருவிலே ஒருவரும் பொருள் கொள்ளார்! சட்டம் அளந்து பார்ப்பது முதல் யோக்கியதையை. இரண்டாவதை அளக்கும் கோல் எங்கே விற்கிறதென்பதே அன்பருடைய "அவ்வளவுதானா?" என்பதன் உட்பொருள் என்று யாம் கருதுகிறோம்.

தோட்டத்திலே பிறந்தார்க்குத் தரகர் புதியவரல்லர். கங்காணி என்னும் பெயரால் அவரை நம் பாட்டனாரும் பூட்டனாரும் அறிவர். அவர் விற்றது வீடன்று, ஆளை விற்றார். தோட்டத்துத் துரையிடம் பணம் பெற்றுக் கப்பலேறிச் சென்று, தம் சொந்த ஊரிலேயே, தம் சாதியாரிடத்திலும் உறவினரிடத்திலுமே மலாயாவின் செழிப்பைச் சொல்லி ஆள் திரட்டினார். கொணர்ந்த ஆளுக்கு இவ்வளவு என்று கைக்கூலியும், வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தலைக்காசும் அவருக்குக் கிடைத்தன. அவர் கையிலும் ஓர் உரிமச் சீட்டு இருந்தது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். அச்சீட்டு, அவர் இன்ன தோட்டத்து ஆள், ஆள் திரட்ட அனுமதி பெற்றவர் என்று சொல்லிற்றேயன்றி, அவர் ஊரிலே சொல்லப்போவது மெய்யா என்று கேட்டதில்லை. கேட்பார்க்கும் அச்சீட்டு அவசியமாயிருக்கவில்லை. "நம் ஊர்க்காரர், நம் ஆள்" என்ற ஒன்றே போதுமாயிருந்தது. பல்லாயிரவர் அந்த நம்பிக்கையிலேயே கடனோடு கரையேறினர். 1938ஆம் வருடம் இந்திய சர்க்கார் மலாயாவுக்கு உதவிப்பணத்தோடு கூலியாட்கள் செல்வதைத் தடுத்த பின்னரே அம்முறை முடிவுற்றது.

அதன்பின் இருபது வருடங்கழித்து வந்தது தோட்டத் துண்டாடல். 1950களிலே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கினோர் பலர் பால்மரத்தை விரும்பி வாங்கினாரல்லர்; ஏக்கர் ஏக்கராய் வெட்டி விற்று லாபங் காணவே வாங்கினர். இந்தப் பேரங்களிலே தரகர் இருந்தனர். விற்பவனுக்கு ஆள், வாங்குபவனுக்கு ஆள். நாற்பது வருடம் அங்கே பால் வெட்டினவனுக்கு மட்டும் ஆளில்லை. தோட்டத்திலே வேலை போயிற்றென்றால் லயத்து வீடும் போயிற்று. 1960ஆம் வருடம் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, மறுவருடம் கெடாவிலே புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது இந்தத் துயரத்துக்கு மருந்தாகவே. தமக்கென ஒரு தரகர் இல்லாதவர் தாமே கூடித் தரகராயினர் என்று அதைச் சொல்லலாம்.

இவ்வளவு பழங்கதை எதற்கெனின், தரகரென்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்னும் வினா, நம்மவர்க்கு ஏட்டுச் சுரைக்காயன்று என்பதைக் காட்டுதற்கே.

வட்டிக்கடை வைத்தவர் வீட்டுத் தரகராகலாகாது என்னும் விதியைச் சிலர் வேடிக்கையாக நினைப்பர். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை நினைவிற் கொண்டோர் அதை வேடிக்கை என்னார். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் நாணயத்துக்குப் பெயர் பெற்றவர். நிலத்தைப் பிடுங்க வேண்டுமென்று அவர் கடன் கொடுத்ததாக யாம் சொல்லமாட்டோம். ஆயினும் நடந்தது யாது? தென் பர்மாவின் முக்கியமான நெல் விளையும் ஜில்லாக்களிலே, 1930ஆம் வருடம் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர் கையிலிருந்தது. 1938ஆம் வருடம் அது 25 பங்காயிற்று. உலகமெங்கும் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தார் வாசலில் வந்து நின்றது. கொடுத்தவரும் அதை விரும்பவில்லை. இழந்தவர் அவரை மன்னிக்கவுமில்லை. பணத்தேவையும் நிலமும் ஒரே மேசையிலே சந்தித்தால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் நல்லவராயிருந்தும் பயனில்லை. சட்டம் இங்கே நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துப் பார்க்க முயலவில்லை. மேசையையே இரண்டாக அறுத்துவிட்டது.

இதிலே ஒரு பெரிய உண்மை இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. பேரப்பணத்தைப் பற்றிய விதியையும் பாருங்கள். சிங்கப்பூரிலே சொத்தை விற்பதிலும் வாங்குவதிலும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை வாடகைக்கு விடுவதிலும், வாடிக்கைக்காரருடைய பேரப்பணத்தைத் தரகர் தம் கையால் வாங்குதல் கூடாது. முன்பணமென்றும் வைப்புத் தொகையென்றும் உறையிலிட்டு நீட்டினாலும் தொடலாகாது. மிக நேர்மையான தரகருக்கும் இதே விதிதான். இதை அவமதிப்பென்று கொள்ளும் தரகரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். பசித்தவன் முன்னே சோற்றை வைத்து அவன் கற்பை சோதிப்பதைவிட, சோற்றை உரியவன் வீட்டிலேயே வைப்பது மேலன்றோ? நம் முன்னோர் யோக்கியரைத் தேடுவதிலேயே காலத்தைப் போக்கினர். யோக்கியருக்கும் வழுக்காத தரை வேண்டுமென்று எண்ணினாரில்லை.

நிற்க. இங்கே ஒரு தடை எழும். எழுத்தறிவு குறைந்த, ஆனால் முப்பது வருடம் ஒருவரையும் ஏமாற்றாத மனிதர் ஒருவர் இருக்கிறார். செராங்கூன் சாலையிலே கடைக்காரர் அத்தனை பேரும் அவரை அறிவர். நான்கு பாடங்களில் தேறவில்லை என்று அவரைத் தள்ளுவது நியாயமா? அதே வேளையில், எல்லாப் பாடங்களிலும் தேறிய ஒரு வஞ்சகனை உள்ளே விடுகிறதே இச்சட்டம்!

இந்தத் தடையை யாம் இலேசாகத் தள்ளமாட்டோம். எம் அன்பருக்குப் படிப்பு இருக்கிறது, அவர் தந்தையாருக்கு இருக்கவில்லை. ஆயினும் நன்கு ஆராய்ந்தால், முப்பது வருட நற்பெயரென்பது யாருக்குப் பயன்படும்? அவரை அறிந்த தெருவுக்கு. சென்ற வாரம் திருச்சியிலிருந்து விமானமேறி வந்து, டன்லப் தெருவிலே அறை தேடி நிற்கும் பெண்ணுக்கு அவர் பெயர் தெரியாது. அவள் யாரை நம்புவாள்? தன் ஊர்க்காரனை, தன் சாதிக்காரனை, தன் மொழி பேசுபவனை. கங்காணியை நம்பினது போலவே! உரிமமென்பது, முன்பின் அறியாத ஒருவரை அவருடைய ஊர், சாதி, மதம் வினவாமல் நம்புவதற்கு ஒரு சமூகம் செய்துகொண்ட ஏற்பாடு. சீனத் தரகராயினும் மலாய்த் தரகராயினும் தமிழ்த் தரகராயினும், பதிவெண்ணை மன்றத்தின் பொதுப் பதிவேட்டிலே எவரும் பார்க்கலாம். 'நம் ஆள்' என்ற பழைய சீட்டைக் கிழித்தெறிவதற்கு இதைவிட நல்ல கருவி எமக்குத் தெரியவில்லை. சீர்திருத்தம் வேண்டுவோர் தேர்வைப் பழித்தல் ஆகாது.

பிற நாடுகள் எப்படி என்று கேட்பார்க்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே 1917ஆம் வருடமே தரகர் உரிமச் சட்டம் இயற்றி, அது செல்லாதென்று நீதிமன்றம் தள்ள, 1919ஆம் வருடம் மீண்டும் இயற்றினர். இங்கிலாந்திலோ 1979ஆம் வருடத்துச் சட்டம் தலைகீழானது: எவரும் தரகராகலாம், தவறு செய்து தடை பெற்றவர் மட்டும் ஆகலாகாது. இந்தியாவின் 2016ஆம் வருடத்து வீட்டுமனைச் சட்டம் தரகரைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லிற்று, தேர்வெழுதச் சொல்லவில்லை, மகாராஷ்டிரமோ 2023ஆம் வருடம் பயிற்சியும் தேர்வும் வேண்டுமென்றது. நம் தமிழ்நாட்டுத் தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒருங்கே தரகு வாங்குவதை இன்னமும் இயல்பென்றே எண்ணுகிறார். சிங்கப்பூரிலே ஒரே பேரத்தில் இருபக்கமும் நிற்றல் குற்றம்.

இந்த இருபக்க விஷயமே எம்மை நெடுநேரம் நிறுத்தியது. தரகர் என்றால் நடுவில் நிற்பவர் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். திருவள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய குறளைப் பொருட்பாலிலே வையாமல், அறத்துப்பாலிலே நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியிலே வைத்திருக்கிறார். அப்படியிருக்க, 'நடுவில் நில்லாதே, ஒரு பக்கம் நில்' என்று சட்டம் சொல்வது அறத்துக்கு மாறன்றோ என்று கேட்கலாம். அன்று. இரு தட்டிலும் கூலி வாங்கும் துலாக்கோலை எவர் நம்புவர்? இரு பக்கமும் காசு வாங்குபவர் நடுவில் நிற்பவரல்லர். பேரம் எப்பக்கம் சாய்ந்தாலும் விரைவில் முடியட்டுமென்று தம் பக்கத்தில் நிற்பவர். நான் இன்னாருடைய ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லுவதே முதல் நேர்மை. அவ்வாறு சொன்ன பின்பும் எதிர்ப்பக்கத்தாரிடம் பொய் சொல்லாதிருப்பதே வள்ளுவர் கருதிய நடுவுநிலையென்பது எம் துணிபு.

ஒரு வழக்கைச் சொல்லுவோம். 2007ஆம் வருடம் ஒரு தம்பதியர் தம் வீட்டைப் பெயர் பெற்ற ஒரு தரகு நிறுவனத்தின் ஆள் மூலமாக 688,000 வெள்ளிக்கு விற்றனர். வாங்கினவர், அத்தரகருடைய மேலாளரின் மனைவி என்பது அவர்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் அவ்வீடு 945,000 வெள்ளிக்கு மறுவிற்பனையாயிற்று. 2009ஆம் வருடம் உயர்நீதிமன்றம் இடையிலுள்ள 257,000 வெள்ளியைத் தம்பதியர்க்குக் கொடுக்குமாறு அந்நிறுவனத்துக்குத் தீர்ப்பளித்தது. மறுவருடம் மேற்சொன்ன சட்டம் வந்தது. அவ்வழக்கிலே கையாடப்பட்டது பணமன்று, ஒரு வார்த்தை. 'வாங்குபவர் என் மேலாளருக்கு உறவு' என்ற ஒரே வார்த்தை சொல்லப்படாமற் போயிற்று.

இது வெளிப்பட்ட வஞ்சகம். வஞ்சகமென்று பெயரிட முடியாத ஒன்றை இனிக் காட்டுவோம். தரகு இவ்வளவென்று சிங்கப்பூர்ச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. வழக்கத்திலே வீடு விற்பவர் நூற்றுக்கு இரண்டு கொடுப்பதுண்டு. 600,000 வெள்ளிக்கு ஒரு வீட்டைக் கேட்டு ஆள் வந்துவிட்டார். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் 620,000 கிடைக்கலாமென்று தரகருக்குத் தெரியும். பொறுத்தால் வீட்டுக்காரருக்கு 20,000 வெள்ளி லாபம். தரகருக்கோ 400 வெள்ளி; அதிலும் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. அந்த 400 வெள்ளிக்காக இரண்டு மாதம் சனி ஞாயிறு தோறும் அவ்வீட்டுக் கதவைத் திறந்து மூடவேண்டும். இன்றே முடித்தால் 12,000 வெள்ளி கையில். "விலை இறங்கும் போலிருக்கிறது, இப்பொழுதே கொடுத்துவிடுங்கள்" என்று அவர் சொன்னால், அது பொய்யென்று எந்த மன்றம் நிரூபிக்கும்? விலை இறங்கவுங் கூடும்! இரண்டு தாள்களிலும் நூற்றுக்கு நூறு வாங்கினவர் முன்னேயும் இந்த 400 வெள்ளி வந்து நிற்கும். சம்பளம் தருபவருடைய நன்மையும் தம்முடைய நன்மையும் இந்த அளவுக்குப் பிரியும் தொழில்கள் சிலவே. வைத்தியரும் வக்கீலும் கூட இதிலே தரகருக்கு அண்ணன் தம்பிகளே என்று நேயர் சிலர் சொல்லக்கூடும்; யாம் மறுக்கவில்லை.

அறிவும் ஒழுக்கமும் வெவ்வேறென்று மேலே பிரித்தோமே, அது முற்றும் சரியன்று என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அறியாமையே அநீதியாகும் இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் நான்கில் மூவருக்கு மேல் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். 1989ஆம் வருடம், எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்த காலத்தில், இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாதிருக்க, ஒவ்வோர் இனத்துக்கும் அடுக்குக்கும் வட்டாரத்துக்கும் வரம்பு. 2010ஆம் வருடம் இந்தியரும் பிறருமாகிய பிரிவுக்கு அவ்வரம்பு வட்டாரத்தில் நூற்றுக்கு 12, அடுக்கில் 15 என்று உயர்த்தப்பட்டது. சீனர்க்கு வட்டாரத்தில் 84, அடுக்கில் 87. இதனால் நேரும் சிக்கல் யாதெனின், ஓர் அடுக்கிலே சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே குடியிருக்கும் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது, வாங்குவோர் கூட்டம் சுருங்கும், விலை இறங்கும். இந்தியர் வரம்பு நிரம்பிய அடுக்கிலோ, வீடு வாங்க விரும்பும் தமிழர் இந்தியரிடம் மட்டுமே வாங்கலாம். குடிகள் கலந்து வாழ்தல் நன்றே. அந்நன்மைக்குரிய விலையைச் சிறுபான்மையோர் சிலர் தனியே சுமக்கின்றனரென்பதும் மெய்யே. விற்க இயலாது திண்டாடுவோரிடம் கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் உதவியை அரசாங்கத்தார் 2022ஆம் வருடம் மார்ச்சில் அறிவித்தனர்.

இப்பொழுது சொல்லுங்கள்: மாதந்தோறும் மாறும் அந்த வரம்பைப் பாராமல், "உங்கள் வீட்டுக்கு நல்ல விலை வரும்" என்று சொல்லி, அந்த நம்பிக்கையிலே வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டச் செய்த தரகர் கெட்டவரா? எண்ணத்தாலே கெட்டவரல்லர். ஆயினும் அவரால் ஒரு குடும்பம் இழந்தது திருடனால் இழப்பதற்குக் குறைந்ததன்று. பிறர் வீட்டிலே கைவைப்பவன், தெரியாதென்று சொல்லித் தப்பலாகாது. அந்த மட்டிலே, நான்கு பாடங்களும் இரண்டு தாள்களும் ஒழுக்கத்தின் பாகங்களேயாம்.

இனி யாம் சொல்லத் தயங்கிய இடத்துக்கு வருவோம். வாடகை வீடு தேடிய நம்மவர் பலர் அறிந்த வாசகம் ஒன்றுண்டு: 'இந்தியர் வேண்டா.' சில வருடங்கள் முன்புவரை அது விளம்பரங்களிலேயே வெளிப்படையாக வந்தது. அயல்நாட்டுப் பத்திரிகைகளும் அதைக் குறித்து எழுதின. இனத்தைச் சொல்லி விலக்கும் விளம்பரங்களைத் தரகர் வெளியிடலாகாதென மன்றத்தார் அறிவுறுத்தியிருக்கின்றனர். வேலை கொடுப்பதிலே இன வேற்றுமை காட்டலாகாதென 2025ஆம் வருடம் ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிற்று. தன் வீட்டு அறையை யாருக்கு விடுவதென்பதிலோ வீட்டுக்காரர் மனம் அவர் மனமே. ஆகவே அந்த வாசகம் விளம்பரத்தினின்று இறங்கி, வீட்டுக்காரர் வாயினின்று தரகர் காதுக்குள் போய் அமர்ந்திருக்கிறது. அக்காது சில வேளை தமிழர் காதாகவும் இருக்கிறது!

அவர் என் செய்வார்? வீட்டுக்காரருடைய ஆளாக நிற்பதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார். தமிழ்ப் பெயரோடு ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். "வீடு போய்விட்டது" என்று சொன்னால் ஒருவர் மனமும் நோகாது. "உங்களவர்க்கு விடமாட்டாராம்" என்றால் மெய், ஆனால் சுடும். பெரும்பாலோர் முதல் விடையைச் சொல்லுகின்றனர். அதை இங்கிதமென்றும் எண்ணுகின்றனர். யாம் அதை இங்கிதமென்னோம். அப்பொய் காப்பது கேட்பவரையன்று. வீட்டுக்காரரை அவமானத்தினின்றும், தரகரைச் சங்கடத்தினின்றும் காக்கிறது. கேட்பவரோ ஞாயிறு தோறும் பத்து வீடுகளைக் கேட்டு, பத்தும் போய்விட்டனவென்று கேட்டு, தமக்குத்தான் அதிர்ஷ்டமில்லையென்று நினைத்துக்கொள்கிறார். தமக்கு இழைக்கப்பட்டது யாதென்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அவரிடமிருந்து பறிபோகிறது.

அப்படியானால் அந்த வீட்டையே ஏற்காமல் விட்டுவிட வேண்டுமா? "நான் விட்டால் இன்னொருவன் எடுப்பான், வீட்டுக்காரர் மாறமாட்டார், என் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்" என்பார் தரகர். இந்நகரிலே பதிவு பெற்ற தரகர் முப்பதினாயிரவருக்கு மேல் உளர். ஆதலின் இன்னொருவன் எடுப்பான் என்பது உண்மையே. கங்காணியும் இதையேதான் சொல்லியிருப்பார். நான் போகாவிட்டால் வேறொருவன் அந்த ஊருக்குப் போய் ஆள் பிடிப்பானே! இவ்வாதத்தினால் முடியாத பாவம் உலகிலே எதுவுமில்லை. எம் அபிப்பிராயம் இது: தரகர் முதலில் வீட்டுக்காரரோடு வாதாடுதல் வேண்டும். வாடகை ஒழுங்காய் வருமா, வீட்டைத் துப்புரவாய் வைப்பாரா என்பனவே கேட்கத்தக்க வினாக்களென்றும், அவற்றுக்கு விடை பெயரிலும் நிறத்திலும் கிடையாதென்றும், ஒருமுறையேனும் சொல்லிப் பார்த்தல் வேண்டும். வாதாடுவது துரோகமன்று, ஆலோசனை சொல்லத்தானே தரகு வாங்குகிறார்? வீட்டுக்காரர் இணங்காவிடில் விலகுதல் வேண்டும். விலக வகையில்லாத வறுமையிலிருப்பவர், அழைத்தவரிடம் பொய்யேனும் சொல்லாதிருத்தல் வேண்டும். மூன்றாவது மிகச் சிறிதென்பதை அறிவோம்.

ஆனால் நேயர்காள், இந்தச் சினத்தோடேயே நம் வீட்டுக் கதவையும் சற்றுத் திறந்து பார்ப்போம். 'இந்தியர் வேண்டா' என்றதற்குக் கொதித்த அதே தமிழர், சென்னையிலுள்ள தம் வீட்டை வாடகைக்கு விடும்போது 'சைவர்க்கு மட்டும்' என்று எழுதச் சொல்லுகிறார். அங்குள்ள தரகர் அதன் உட்பொருளை நன்கறிவார். வந்தவரிடம், "நீங்கள் எந்த ஊர்? குலதெய்வம் எது? அப்பா என்ன தொழில்?" என்று அன்பொழுகக் கேட்டு, சாதியை வாயால் சொல்லாமலே சாதியைக் கண்டுபிடித்து, "வீடு போய்விட்டது" என்கிறார். முகமதியர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் அந்நகரிலே வீடு போய்க்கொண்டேயிருக்கிறது! சிங்கப்பூரிலும், தமிழர் தமிழருக்கு அறை விடும்போது, சமையலைப் பற்றிய வினாவாகத் தொடங்கி வேறெங்கோ முடியும் பேச்சுக்களை யாமே கேட்டிருக்கிறோம். சீன வீட்டுக்காரர் நம்மை ஒரே கூட்டமாகத் தள்ளுகிறார். நாமோ பிரித்துப் பிரித்து நுட்பமாகத் தள்ளுகிறோம். இதிலே நாம் அவருக்கு ஆசிரியராகத் தக்கவர்.

வீடென்பது மற்றப் பண்டங்களைப் போன்றதன்று என்பதை, வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று இரண்டையும் சேர்த்தே சொன்ன பழமொழிக்காரர் அறிந்திருந்தார். இரண்டிலும் தரகர் உண்டு. இரண்டிலும் குலம் கோத்திரம் விசாரணை உண்டு. கலியாணத் தரகருக்குச் சட்டம் தேர்வு வைக்கவில்லை. வைத்தால் எத்தனை பேர் தேறுவரோ!

எம் அன்பரைத் தைப்பொங்கலையடுத்துக் கேம்பல் லேனிலே மறுபடியும் கண்டோம். வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். தோட்பையிலே தடித்த புத்தகமொன்று இருந்தது. நிலச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் இந்த வயதில் மண்டையில் ஏற மறுக்கின்றனவென்று நொந்துகொண்டார். 'இந்தியர் வேண்டா' என்னும் வீட்டுக்காரரைப் பற்றித் தேர்விலே வினா வருமோ என்று யாம் கேட்டோம். "வந்தால் என்ன ஐயா, நான்கு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைக் குறிக்க வேண்டியதுதானே" என்றார். பிறகு, தம் மனைவியின் தமையனார் யீஷூனிலே ஓர் அறையை வாடகைக்கு விட இருப்பதாகவும், தாம் பதிவு பெற்றவுடன் அதையே முதற் பேரமாகப் பேசித் தரச் சொல்லுவதாகவும் கூறினார். எப்படிப்பட்ட ஆள் வேண்டுமென்கிறார் என்று கேட்டோம். அன்பர் புத்தகத்தைப் பையினுள் தள்ளி வாரை இறுக்கிக்கொண்டே, "அதைத்தான் அவரிடம் பேசவேண்டும்" என்றார்.